மலைநாட்டு வீட்டில் சுவர் ஈரம்: எங்கிருந்து வருகிறது, எப்படிக் காயவைப்பது

நுவரெலியாவில் ஒரு வருடத்துக்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 1,900 மில்லிமீற்றர். கொழும்பில் இதைவிடக் கூடவே பெய்கிறது. ஆனாலும் கொழும்பு வீட்டில் அலுமாரிக்குப் பின்னால் பூஞ்சணம் பிடித்தால் ஏன் என்று கேட்போம். நுவரெலியாவில் பிடிக்காவிட்டால்தான் கேட்போம். மழையை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. அந்த உயரத்தில் சுவர் எந்நேரமும் குளிர்ந்து கிடக்கிறது. மூடுபனி விட்டு விட்டு வருகிறது. பின்சுவருக்கு நாலு அடி தள்ளி மலை நிற்கிறது. உள்ளே ஜன்னலை மூடிக்கொண்டு சமைக்கிறோம், உடுப்புக் காயப்போடுகிறோம். சுவருக்குத் தண்ணீர் வர இத்தனை வழி.

எந்த வழியால் வருகிறது என்று தெரியாமல் மேசனைக் கூப்பிட்டால் நடப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல அக்கா, பூச்சைக் கொத்திட்டு வோட்டர்புரூஃப் கலந்து அடிச்சா சரி" என்பார். அடுத்த மழைக்காலம் வரைக்கும் சுவர் பளிச்சென்று இருக்கும். அப்புறம், புதுப் பூச்சு முடிகிற இடத்துக்கு ஒரு அடி மேலே ஈரம் தலைகாட்டும். தண்ணீர் போகிற வழியை அடைத்தோமே தவிர, வருகிற வழியைத் தொடவேயில்லை. அதனால்தான் இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி கண்டுபிடிக்கும் வேலையைப் பற்றியது. அதற்குச் செலவு அதிகமில்லை. ஒரு பென்சில், ஒரு துண்டுப் பொலித்தீன், டேப், ஒரு கொப்பி போதும். முடிந்தால் ஒரு சின்ன ஈரப்பத மானி.

எல்லாவற்றுக்கும் முன்னால்: இது சுவர் பிரச்சினையா, மலைப் பிரச்சினையா?

சுவரில் ஈரம் மெதுவாக, வருடக்கணக்கில் ஏறினால் இந்த வழிகாட்டி உதவும். ஒரு இரவு மழையில் திடீரென்று பின்சுவரடியிலோ மண்மேட்டிலோ புது ஊற்று கிளம்பினால், வருகிற தண்ணீர் கலங்கலாக, சேற்று நிறத்தில் இருந்தால், சுவரிலும் தரையிலும் புது வெடிப்பு விரிந்துகொண்டே போனால், கதவு ஜன்னல் திடீரென இறுகினால், மேட்டில் மரமோ கம்பமோ சாய்ந்தால் அது மண்சரிவின் அறிகுறி. வழக்கமாக ஓடும் ஊற்று திடீரென்று நின்றுபோவதும் அப்படித்தான். கொப்பி, பென்சில் எல்லாம் அப்புறம். ஆட்களோடு வெளியேறிவிட்டு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கோ கிராம உத்தியோகத்தருக்கோ அறிவியுங்கள். 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்களை, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளை, மண் மூடியது. அந்த நாளை மலைநாட்டில் யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழைக்காலத்தில் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையையும் கவனித்துக்கொண்டே இருங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால் வேலையைத் தொடங்கலாம்.

படி 1: பார்ப்பது, தொடுவது, தட்டுவது, குறிப்பது

ஒரு வெளிச்சமான நாளில் வீட்டை வெளியே ஒரு சுற்று, உள்ளே ஒரு சுற்று நடந்து வாருங்கள். டோர்ச் லைட்டைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் அடித்தால், நேராகப் பார்க்கும்போது தெரியாத பொருமல் எல்லாம் நிழல் விழுந்து தெரியும்.

ஈரம் எந்த உயரத்தில் இருக்கிறது என்பது முதல் துப்பு. தரையிலிருந்து ஏறி, ஒரு மீற்றர் உயரத்துக்குள் அலை அலையான ஒரு கோட்டோடு நின்று, அந்தக் கோட்டில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் நிலத்து ஓதம், அதாவது நிலத்திலிருந்து சுவர் உறிஞ்சி ஏற்றும் ஈரம், என்று சந்தேகிக்கலாம். கூரையோடு சேரும் மேல்விளிம்பில் பழுப்பு நிறத்தில் வழிந்திருந்தால் கூரை அல்லது பீலி. ஜன்னலின் கீழ் மூலைகளிலிருந்து சாய்வாக இறங்கினால் ஜன்னல்கட்டு. நடுச்சுவரில் ஒரு தட்டு அளவில் வட்டமாக இருந்தால் உள்ளே போகும் குழாய், அல்லது வெளிப்பூச்சில் ஒரு வெடிப்பு. மூலைகளிலும் அலுமாரிக்குப் பின்னாலும் கறுப்புப் புள்ளிகள் மட்டும் இருந்து, உப்பும் இல்லை, பூச்சும் உதிரவில்லை என்றால் அது பெரும்பாலும் அறைக்காற்றின் ஈரம்.

அந்த வெள்ளைப் பூவைக் கிட்டப் போய்ப் பாருங்கள். பஞ்சு மாதிரி, ஊசி ஊசியாக நீட்டிக்கொண்டிருக்கும். விரலால் தொட்டால் மாவாக உதிரும். பூஞ்சணம் என்றால் உதிராது, தடவினால் இழுபட்டுக் கறை விழும். சந்தேகமாக இருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு கரைந்து மறையும், பூஞ்சணம் அப்படியே நனைந்து கிடக்கும். உப்பு என்றால் சுவருக்குள்ளே தண்ணீர் நடமாடுகிறது என்று அர்த்தம். பூஞ்சணம் என்றால் மேற்பரப்பு நாள்கணக்கில் நனைந்து இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம்.

அடுத்தது தட்டல். ஒரு சாவியாலோ நாணயத்தாலோ அடிக்கு ஒரு தட்டு. 'டக்' என்று கெட்டியாகக் கேட்டால் பூச்சு சுவரைப் பிடித்திருக்கிறது. 'டொக்' என்று வெறுமையாகக் கேட்டால் பூச்சு சுவரை விட்டுவிட்டது. வெறுமையாகக் கேட்கும் இடத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுங்கள். ஈர விளிம்பையும் பென்சிலால் வரைந்து பக்கத்தில் திகதி எழுதுங்கள், போனில் படமெடுங்கள். இந்தக் கோடுதான் பிறகு சாட்சி. மாதம் ஒருமுறை புதுக்கோடு போட்டால், ஈரம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று யாருடனும் வாதாட வேண்டியதில்லை.

படி 2: எந்த மழைக்கு நனைகிறது?

மலைநாடு முழுக்க ஒரே மழை இல்லை. ஹட்டன், வட்டவளை, நோர்ட்டன் பிரிட்ஜ், மஸ்கெலியாப் பக்கம் தென்மேல் பருவக்காற்று மே முதல் செப்டம்பர் வரை சாத்தும்; வட்டவளையில் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரைத் தாண்டும். பதுளை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் அந்த மாதங்களில் காய்ந்து கிடக்கும். அங்கே டிசம்பர் முதல் பெப்ரவரி வரையான வடகீழ் பருவக்காற்றுதான் சுவரை நனைக்கும். அக்டோபர், நவம்பரில் மத்தியான இடிமழை இரண்டு பக்கமும் பொது.

சரி, இதை வைத்து என்ன செய்வது? ஈரம் கூடும் மாதத்தையும் சுவர் பார்க்கும் திசையையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். மஸ்கெலியாவில் தென்மேற்குச் சுவர் மட்டும் ஜூன், ஜூலையில் நனைந்து, மழை விட்ட சில நாளில் வெளுத்தால் காற்று மழையை வெளிச்சுவருக்குள் அடிக்கிறது. மழை விட்டு இரண்டு மூன்று வாரம் கழித்தும் சுவரடி கூடிக்கொண்டே போனால் மலைக்குள் இறங்கிய தண்ணீர் மெதுவாக வந்து சேர்கிறது. ஜனவரியில், மழையே இல்லாமல், விடியற்காலைப் பனி கொட்டும் நாளில் மூலை நனைந்தால் அது அறைக்காற்று. மழை, வெயில், மாதம் எதையும் பார்க்காமல் எப்போதும் ஒரே அளவில் இருந்தால் குழாயை, குளியலறையைச் சந்தேகியுங்கள்.

கொப்பியில் திகதி, மழையா வெயிலா, கோடு எங்கே என்று ஒரு வரி எழுதினால் போதும். ஒரு பருவம் எழுதிய கொப்பி, எந்த விலையுயர்ந்த மீட்டரையும் விட அதிகம் சொல்லும் என்பது என் எண்ணம்.

படி 3: பொலித்தீன் சோதனை

ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறதா, அறைக்காற்றிலிருந்து படிகிறதா என்பதைப் பிரிக்க இதைவிட மலிவான வழி கிடையாது. ஒன்றரை அடிச் சதுரத்தில் தடித்த பொலித்தீன் அல்லது அலுமினியத் தாளை எடுங்கள். ஈரமாகத் தெரியும் இடத்தை உலர்ந்த துணியால் துடைத்து, நாலு பக்கமும் காற்றுப் போகாமல் டேப்பால் ஒட்டுங்கள். ஈரச் சுவரில் சாதாரண டேப் நிற்காது. பிளம்பர்மார் பயன்படுத்தும் துணி டேப் பிடிக்கும். இரண்டு நாள் விடுங்கள்.

திறக்கும்போது தண்ணீர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். அறையைப் பார்க்கும் பக்கம் துளித்திருந்தால் அறைக்காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. சுவரைப் பார்க்கும் பக்கம் துளித்திருந்தால், அல்லது அந்தச் சதுரம் மட்டும் இருண்டிருந்தால், சுவர் உள்ளிருந்து ஈரத்தை விடுகிறது. இரண்டு பக்கமும் நனைந்திருந்தால் இரண்டு பிரச்சினையும் உண்டு. மலைநாட்டு வீடுகளில் இது அபூர்வமே இல்லை, ஏனென்றால் உள்ளே நனைந்த சுவர் மேலும் குளிர்கிறது, குளிர்ந்த சுவர் காற்றின் ஈரத்தை இழுக்கிறது.

ஒரே இடத்தில் ஒட்டி முடிவெடுக்காதீர்கள். தரையிலிருந்து அரை அடியில் ஒன்று, நாலு அடியில் ஒன்று, வெளியே மண்மேடு இல்லாத உள்சுவரில் ஒன்று ஒட்டுங்கள். உள்சுவர்த் துண்டு காய்ந்திருந்தால்தான் மற்றவற்றை நம்பலாம்.

படி 4: மீட்டர் வாங்குவதா?

இரண்டு ஊசி குத்தும் ஈர மீட்டர் மின்தடையை அளக்கிறது. அதிலுள்ள எண்கள் பெரும்பாலும் மரத்துக்கானவை. ஜன்னல் சட்டத்தில், கதவு நிலையில், கூரைக் கைமரத்தில் குத்தினால் அந்த எண்ணை நம்பலாம். 20 வீதத்துக்கு மேல் நீண்டநாள் நின்றால் மரம் உக்கத் தொடங்கும். சுவரில் குத்தினால் கிடைப்பது ஒப்பீடு மட்டும்தான். உப்பு ஏறிய பூச்சு காய்ந்திருந்தாலும் மீட்டர் உச்சத்துக்குப் போகும். யாராவது வந்து, சுவரில் குத்திக் காட்டி, "பாருங்க, நூறு" என்று சொல்லி மருந்து விற்கப் பார்த்தால் அந்த நூறுக்குப் பயப்பட வேண்டாம். கீழேயிருந்து மேலே அரை அடிக்கு ஒரு தடவை குத்தி, எண் எங்கே விழுகிறது என்று கொப்பியில் எழுதுங்கள். அந்த விழும் இடம்தான் பயனுள்ள தகவல்.

ஆழத்தில் ஈரம் இருக்கிறதா என்று அறிய, சுவரில் துளையிட்டுத் தூளை எடுத்து நிறுக்கலாம். மெதுவாகத் துளையிட வேண்டும், சூடேறினால் தூள் அங்கேயே காய்ந்துவிடும். முதல் அரை அங்குலத் தூளை வீசிவிட்டு, இரண்டு மூன்று அங்குல ஆழத்துத் தூளை ஒரு மூடியுள்ள போத்தலில் பிடித்து, நகைக்கடைத் தராசு மாதிரி நுண்ணிய தராசில் நிறுத்து, 105 பாகை செல்சியஸில் ஓவனில் காயவைத்து மறுபடி நிறுங்கள். சாந்தின் எடையில் 5 வீதத்துக்கு மேல் தண்ணீராக இருந்தால் உள்ளே கவனிக்க வேண்டிய ஈரம் உண்டு. மேற்பரப்பு ஈரம், ஆழம் உலர்வு என்றால் மறுபடியும் அறைக்காற்றுதான். இது எல்லா வீட்டுக்கும் தேவையில்லை. பெரிய செலவுக்கு இறங்கும் முன் செய்து பார்க்கலாம்.

நான் வாங்கச் சொல்வது மீட்டரை அல்ல, அறையின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் காட்டும் சின்ன மானியை. அதைப் படுக்கையறையில், சுவரை ஒட்டாமல் வையுங்கள். 80 வீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சணத்துக்கு அதுவே போதும். 70க்குக் கீழே வைத்திருப்பது இலக்கு. அறை 18 பாகை, ஈரப்பதம் 85 வீதம் என்றால், சுவர் 15 பாகைக்கு இறங்கியதும் தண்ணீர் படியத் தொடங்கும். நுவரெலியா இரவில் வெளிச்சுவர் 15 பாகைக்கு இறங்குவது சர்வசாதாரணம்.

படி 5: வருகிற வழியை அடைப்பது

மலைப்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். வீட்டின் பின்னால், வெட்டிய மேட்டுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்துப் பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. அங்கேதான் மேட்டிலிருந்து சரிந்த மண் வருடா வருடம் சேரும், உடைந்த தகரம் சாத்தி வைக்கப்படும், குசினிக் கழிவுநீர் ஊற்றப்படும். சுவரோடு சேர்ந்த மண்ணை எடுத்து, வெளி நிலத்தை உள்தரையைவிடக் குறைந்தது ஆறு அங்குலம் கீழே கொண்டுவாருங்கள். பல வீடுகளில் இந்த ஒரு வேலையே பாதி ஈரத்தைக் குறைக்கும். இஸ்தோப்புப் பக்கமும் பாருங்கள். பழைய சீமெந்தின் மேல் புதுச் சீமெந்து, அதற்கு மேல் இன்னொன்று என்று போட்டுப் போட்டு, வெளித்தரை உள்தரையைவிட உயர்ந்துபோன வீடுகள் நிறைய உண்டு.

அப்புறம் கான், அதாவது தண்ணீர் ஓடும் வடிகால். தேயிலை மலையில் கான் வெட்டிப் பழகிய குடும்பங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை, ஆனால் வீட்டுக் கானுக்கு இரண்டு விதி கூடுதலாக உண்டு. ஒன்று, கானின் அடி உள்தரையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். எட்டு அடிக்கு ஒரு அங்குலம் இறக்கம் போதும். இரண்டு, மேட்டின் தலைப்பில் தண்ணீரைத் திருப்ப வெட்டும் கான் கட்டாயம் சீமெந்து போட்டதாக இருக்க வேண்டும். வெறும் மண்கான் தண்ணீரைத் திருப்புவதற்குப் பதிலாக மேட்டுக்குள் இறக்கிவிடும். சுவர் ஈரமும் கூடும், மேடும் பலவீனமாகும். சுவருக்கும் கானுக்கும் இடையில் இரண்டு மூன்று அடி அகலத்தில், சுவரிலிருந்து வெளியே சாய்வாக ஒரு சீமெந்துப் பட்டி போடுங்கள். மூன்று அடிக்கு இரண்டு அங்குலச் சாய்வு. அந்தச் சந்தில் மரக்கறிப் பாத்தி போடுகிற ஆசையை விட்டுவிடுவது நல்லது.

சுவரே மண்ணைத் தாங்கிக்கொண்டு நின்றால் கதை வேறு. அங்கே சுவரோரம் ஆழமாகத் தோண்டி, அடியில் துளையிட்ட பிவிசி குழாய் வைத்து, சுற்றிலும் சல்லிக்கல் நிரப்பி, மண் புகாமல் வடிகட்டித் துணி சுற்றி, குழாயின் நுனியைப் பள்ளப்பக்கம் வெளியே எடுக்க வேண்டும். இதை ஒரே மூச்சில் நீளத்துக்குத் தோண்டக் கூடாது. ஐந்தாறு அடி தோண்டி, நிரப்பி, அடுத்ததற்குப் போக வேண்டும். மேற்குப் பக்கத்தில் ஜனவரி முதல் மார்ச் வரையிலும், ஊவாவில் (பதுளை, பண்டாரவளைப் பக்கம்) ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலும்தான் இந்த வேலைக்குக் கை வைக்கலாம். மேடு உயரமாக இருந்தால் தெரிந்தவர் பார்க்காமல் அடிமண்ணை எடுக்கவே கூடாது. லயன் வீடு என்றால் தோட்ட நிர்வாகத்துக்கு எழுத்தில் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். ஒரு காம்பராவின் (லயன் அறையின்) கானை மட்டும் திருத்தினால் தண்ணீர் அடுத்த காம்பராவுக்குப் போகும், சண்டையும் கூடவே வரும். லயனுக்கு ஒரே கான், ஒரே நாளில் எல்லாரும் சேர்ந்து வெட்டுவதே சரி.

கூரை வேலை சுருக்கம். தகரத்தின் ஆணி ஓட்டைகள், தகரம் தகரத்தின் மேல் ஏறும் இடம், காற்று தூக்கிய நுனி, இரட்டை லயனில் இரண்டு கூரை சேரும் பள்ளம் ஆகியவற்றைப் பாருங்கள். பீலியில் சருகு அடைத்தால் தண்ணீர் சுவர்மேல் வழியும். பீலியே இல்லாத வீட்டில் இறவாரத்துத் தண்ணீர் நிலத்தில் விழுந்து தெறித்து, சுவரின் கீழ் ஒன்றரை அடியை நனைக்கும். பலர் இதை நிலத்து ஓதம் என்று நினைக்கிறார்கள். தண்ணீர் விழும் கோட்டில் சல்லி பரப்பினாலே தெறிப்பு பெரும்பாலும் நிற்கும். அஸ்பெஸ்டஸ் கூரையின் பாசியைக் காயவைத்துச் சுரண்டாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆபத்து.

குழாய்ச் சந்தேகம் இருந்தால் எல்லாக் குழாயையும் பூட்டி, இரவு தண்ணீர் மீட்டரைக் குறித்து, காலையில் பாருங்கள். குளியலறைத் தரை கசிகிறதா என்று அறிய, துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து ஊற்றிப் பாருங்கள். மறுபக்கச் சுவரில் நீலம் தெரிந்தால் துப்பு கிடைத்துவிட்டது.

நிலத்து ஓதத்துக்கு வருவோம். புதிதாகக் கட்டிய புளொக் கல் வீடுகளில் அத்திவாரத்துக்கு மேல் ஓதத் தடுப்பு அடுக்கு ஒன்று இருக்க வேண்டும். இறுக்கமான சீமெந்துச் சாந்தின் மேல் தார், அல்லது தடித்த பொலித்தீன் போட்டிருப்பார்கள். அதற்கு மேல் வெளியே மண் குவிந்திருந்தால், அல்லது வெளிப்பூச்சு அதைத் தாண்டி நிலத்தைத் தொட்டால், அடுக்கு இருந்தும் பயனில்லை. மண்ணை இறக்கி, பூச்சின் அடி ஆறு அங்குலத்தை வெட்டிவிடுங்கள். வீடு கட்டும் நிலையில் இருப்பவர்கள் இந்த அடுக்குப் போடும் நாளில் கட்டாயம் பக்கத்தில் நில்லுங்கள். பிறகு அதைப் போடுவது லேசான வேலை இல்லை.

பழைய லயன்களின் கருங்கல் சுவரில் அப்படி எதுவும் கிடையாது. ஒன்றரை அடித் தடிப்பில் கருங்கல்லும் மண் சாந்தும், மேலே சுண்ணாம்புப் பூச்சு. துளையிட்டு மருந்து ஏற்றும் முறையை இதற்குச் சொல்பவர்கள் இருக்கிறார்கள்; கல்லும் மண்ணும் வெற்றிடமுமாக உள்ள சுவரில் மருந்து ஒரே அடுக்காகப் பரவாது, காசு மண்ணுக்குள் போகும். இந்தச் சுவரில் ஓதத்தை முழுதாக நிறுத்த முடியாது என்று ஏற்றுக்கொள்வது நல்லது. வெளி நிலத்தை இறக்கினால் வருவது குறையும். மிச்சத்தைச் சுவர் வழியாகவே வெளியேற விடுவதற்குப் படி 6.

அறைக்காற்று

மலைநாட்டில் அதிகம் கவனிக்கப்படாதது இதுதான் என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாக. ஒரு கிலோ சமையல் காஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான தண்ணீர் ஆவியாகக் காற்றில் சேரும். ஒரு 12.5 கிலோ சிலிண்டர் முடியும்போது ஏறத்தாழ 20 லீற்றர் தண்ணீர் வீட்டுக்குள் விடப்பட்டிருக்கும். சோறு கொதிக்கும் ஆவியும், உள்ளே காயும் உடுப்பும், மூடிய அறையில் நாலு பேர் விடும் மூச்சும் இதற்கு மேல்.

விறகடுப்பு இருந்த காலத்தில் புகையோடு ஆவியும் புகைபோக்கி வழியே போய்விடும், அடுப்பின் சூடு சுவரையும் காயவைக்கும். காஸ் வந்ததும் பல வீடுகளில் புகைபோக்கியைத் தகரத்தாலோ சாக்காலோ அடைத்துவிட்டார்கள். அதே வருடம் குசினிக்குப் பக்கத்து அறையில் பூஞ்சணம் தொடங்கியிருக்கும். புகைபோக்கியைத் திறந்துவிடுங்கள், மழை வராமல் மேலே ஒரு குல்லாவும், பறவை வராமல் ஒரு வலையும் போட்டால் போதும். முதுகோடு முதுகாகக் கட்டிய இரட்டை லயனில் பின்ஜன்னல் வைக்க வழியில்லை, அங்கே இந்தப் புகைபோக்கிதான் அறையின் ஒரே மூக்கு.

"வெளியே பனியாக இருக்கிறது, ஜன்னலைத் திறந்தால் ஈரம் உள்ளே வராதா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வெளியே 13 பாகையில் 95 வீத ஈரப்பதத்தோடு இருக்கும் காற்று உள்ளே வந்து 18 பாகைக்குச் சூடானால் அதன் ஈரப்பதம் 70 வீதத்துக்குச் சற்றுக் கீழே விழும். குளிர்ந்த காற்றால் அதிகம் தண்ணீரைச் சுமக்க முடியாது, அதனால் உள்ளிருப்பதைவிட அது உலர்ந்த காற்றுதான். உள்ளே வெளியைவிடச் சூடாக இருக்கும்போது, எதிரெதிர் ஜன்னல்களைக் காலையிலும் சமைத்த பிறகும் பத்து நிமிடம் அகலத் திறவுங்கள். நாள் முழுக்க ஒரு விரல் இடுக்கில் திறந்து வைப்பதைவிட இது நல்லது, ஏனென்றால் சுவர் குளிராமல் காற்று மட்டும் மாறும். மாறாக, குளிர்ந்த இரவுக்குப் பிறகு வெளியே வெயிலேறிப் புழுக்கமாக இருந்து, சுவர் இன்னும் சில்லென்றிருந்தால் கொஞ்சம் பொறுங்கள்.

அலுமாரி, கட்டில், புத்தக ராக்கை எல்லாவற்றையும் வெளிச்சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளுங்கள். சேர்ட்டிபிக்கேட் கோப்புகள், பள்ளிக் கொப்பிகள், கம்பளிகளை உள்சுவர்ப் பக்கம் மாற்றுங்கள். தரையில் விரிக்கும் மெத்தையைப் பகலில் சுவரில் சாய்த்து நிறுத்துங்கள். தகரக் கூரையில் விடியற்காலை உள்ளே துளித்துச் சொட்டினால் அது ஒழுகல் இல்லை, ஆவி. சீலிங்குக்கு மேலே இறவாரத்தில் காற்றுப் போக வழி விட்டால் குறையும். மூலையில் கரிக்கட்டையும் உப்புக் கிண்ணமும் வைப்பதால் பெரிதாக எதுவும் நடக்காது. ஈரம் உறிஞ்சும் மின் இயந்திரம் வாங்க நினைத்தால், சாதாரண வகை 15 பாகைக்குக் கீழே சரியாக வேலை செய்யாது என்பதை நினைவில் வையுங்கள். கண்டியில் உதவும், நுவரெலியா இரவில் சந்தேகம்தான். சட்டியில் தணல் போட்டு மூடிய அறையில் வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் காபனோரொட்சைட்டுக்கு மணமே இல்லை, தூங்கியவர் எழும்பமாட்டார்.

படி 6: பூச்சு

தண்ணீர் வரும் வழியைக் குறைத்த பிறகுதான் பூச்சில் கை வைக்க வேண்டும். உப்பு ஏறிய பழைய பூச்சை, ஈரக்கோட்டுக்கு ஒன்றரை அடி மேல்வரை கொத்தி எடுத்துவிடுங்கள். கொத்தியதைச் சுவரடியில் குவிக்காமல் அன்றன்றே அப்புறப்படுத்துங்கள், இல்லாவிட்டால் உப்பு மறுபடி நிலத்துக்கே போகும். உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல், காய்ந்த தும்புத் தூரிகையால் தட்டி எடுங்கள்.

கருங்கல், மண்சாந்துச் சுவருக்குச் சீமெந்துப் பூச்சு வேண்டவே வேண்டாம். சீமெந்து இறுகிப் பிடித்து, ஈரத்தைச் சுவருக்குள் பூட்டிவைக்கும். உள்ளே மண்சாந்து கூழாகும். ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு சுத்தமான ஆற்றுமணல். அரை அங்குலத்துக்கு மேற்படாத அடுக்குகளாக, ஒன்று இறுகிய பிறகு அடுத்தது. சில நாள் தண்ணீர் தெளித்து, நேர்வெயிலும் மழையும் படாமல் சாக்குத் தொங்கவிட வேண்டும். மலைக்குளிரில் இது இறுக நாளெடுக்கும், மேசனை அவசரப்படுத்தாதீர்கள். சுடுசுண்ணாம்பை நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். காசு போதாவிட்டால் கீழ் மூன்று அடியைப் பூசாமல், கல்லிடுக்கைச் சுண்ணாம்புச் சாந்தால் மட்டும் அடைத்து விடலாம். பார்க்க அழகில்லை என்பார்கள், ஆனால் சுவர் காயும்.

புளொக் கல் சுவருக்கு வெளியே சீமெந்துப் பூச்சு சரிதான். அங்கே பூசாமல் விட்ட வெளிச்சுவர்தான் பிரச்சினை; காற்று மழை கல்லிடுக்கு வழியாக நேரே உள்ளே வரும். ஜன்னல் கட்டின் அடியில் தண்ணீர் சொட்டி விழ ஒரு காடி எடுக்கச் சொல்லுங்கள். விரலகலக் காடிதான், அது இல்லாவிட்டால் தண்ணீர் கட்டின் அடிவழியே ஊர்ந்து சுவருக்குள் போகும்.

படி 7: பூஞ்சணத்தைத் துடைப்பது

காய்ந்த துடைப்பத்தால் தட்டினால் வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். வீசிங் உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் அது பெரிய தொல்லை. முகக்கவசமும் கையுறையும் போட்டு, ஜன்னலைத் திறந்து, சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, அந்தத் துணியை எறிந்துவிடுங்கள். அதன்பின் கடையில் விற்கும் பிளீச்சைப் போத்தலில் சொன்ன அளவில் கலந்து பூசலாம். பிளீச்சோடு கழிவறை அசிட்டையோ அமோனியா உள்ள எதையுமோ கலந்துவிடாதீர்கள், நச்சு வாயு வரும். ஈரம் போகாதவரை பூஞ்சணம் திரும்பி வரத்தான் செய்யும்.

படி 8: காயவிட்டு, பிறகு பெயின்ட்

சுவர் காய்வதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: ஒரு அங்குலத் தடிப்புக்கு ஒரு மாதம். ஆறு அங்குலப் புளொக் கல் சுவருக்கு அரை வருடம். பதினெட்டு அங்குலக் கருங்கல் சுவருக்கு ஒன்றரை வருடம், அதுவும் நல்ல காற்றோட்டம் இருந்தால். மூடுபனி ஊர்களில் இன்னும் கூட எடுக்கும். அதனால் கான் வெட்டிய அடுத்த மாதமே ஒன்றும் மாறவில்லை என்று மனம் தளர்ந்து வோட்டர்புரூஃப் வாளியைத் தேடாதீர்கள். பென்சில் கோடு இறங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். காயும்போது முதலில் உப்பு அதிகமாகப் பூக்கும். அது நல்ல அறிகுறிதான், தட்டி எடுத்துக்கொண்டே இருங்கள்.

பெயின்ட் அடிக்கும் முன் பொலித்தீனை அதே இடங்களில் மறுபடி ஒட்டிப் பாருங்கள். சுவர்ப்பக்கம் காய்ந்திருந்தால் அடிக்கலாம். சுண்ணாம்புப் பூச்சுச் சுவருக்கு வெள்ளையடிப்பதே போதும்; மினுமினுக்கும் எமல்ஷன் அடித்தால் சீமெந்து செய்த அதே வேலையை அது செய்யும். நிறம் வேண்டுமென்றால் சுண்ணாம்பிலேயே காவியோ நீலமோ கலந்துகொள்ளுங்கள். புளொக் கல் வீட்டின் வெளிப்புறத்துக்கு மழை தாங்கும் பெயின்ட் நல்லது, வெடிப்புகளை அடைத்த பிறகு. அடிக்க ஏற்ற மாதம் ஹட்டன் பக்கம் பெப்ரவரி, மார்ச். பண்டாரவளை, பதுளைப் பக்கம் ஜூலை, ஆகஸ்ட். தீபாவளிக்கு வெள்ளையடிப்பது நம் பழக்கம், ஆனால் அக்டோபர் இடிமழையில் அடித்த வெள்ளை பொங்கல் வரைக்கும் நிற்பது கஷ்டம். ஹட்டன் பக்கத்தில் தைப்பொங்கல் முடிந்து வெயில் பிடித்ததும் அடிப்பதென்று வழக்கத்தைக் கொஞ்சம் தள்ளிக்கொள்ளலாம். உள்ளறை மட்டும் என்றால் தீபாவளிக்கே அடியுங்கள், ஜன்னலைத் திறந்துவைத்து.